தூரம் சரி, மற்றவை?

கேள்வி: 124 ஒளியாண்டு தொலைவில் கே2-18பி என்ற கிரகத்தில் உயிர் இருப்பது உறுதியாகிவிட்டது, தண்ணீரும் இதமான வெப்பமும் உள்ள இன்னொரு பூமி அது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். உங்கள் பத்திரிகை மட்டும் ஏன் வாய் திறக்கவில்லை? அறிவியல் என்றால் அவ்வளவு அலட்சியமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: அலட்சியம் இல்லை. உறுதியாகாத ஒன்றை உறுதி என்று எழுத மனம் வரவில்லை. உயிர், தண்ணீர், இதமான வெப்பம் என்று நீங்கள் சொல்லும் மூன்றில் ஒன்றைக்கூட அங்கே இதுவரை யாரும் நிறுவவில்லை.

குழப்பம் பிறப்பது வெப்பத்தில்தான். சிம்ம ராசிப் பக்கம் இருக்கும் ஒரு செங்குறுமீனை (சூரியனைவிடச் சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்) அந்தக் கிரகம் 33 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. சூரியனிடமிருந்து நமக்குக் கிடைக்கும் அளவுக்குத்தான் அதற்கும் ஒளி கிடைக்கிறது. ஆகவே அது 'உயிர்வாழ் மண்டலத்தில்' இருக்கிறது என்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பொருள் இவ்வளவுதான்: அத்தனை தூரத்தில், பூமியைப் போல் காற்றும் கல்லும் உள்ள ஒரு கிரகம் இருந்தால், அதன்மேல் தண்ணீர் உறையாமலும் ஆவியாகிவிடாமலும் நிற்கலாம். அந்த 'இருந்தால்' செய்தியில் காணாமல் போய்விடுகிறது. இன்றிரவு மொட்டைமாடிக்குப் போய் நிலாவைப் பாருங்கள். நாம் இருக்கும் அதே தூரத்தில், அதே மண்டலத்துக்குள்தான் அதுவும் இருக்கிறது. காற்றைப் பிடித்து வைக்கப் போதுமான ஈர்ப்பு அதற்கு இல்லை. ஒரு புல் முளைக்கவில்லை.

அடுத்து விடிவெள்ளி. சூரியனுக்குக் கிட்டத்தில் இருப்பதால் வெள்ளி கொதிக்கிறது என்று பள்ளிக்கூட நாளிலேயே நம் மனதில் பதிந்துவிட்டது. ஆனால் அதைப் போர்த்தியிருக்கும் கந்தக அமில மேகங்கள், மேலே விழும் வெயிலில் ஏறக்குறைய முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கணக்குப் பார்த்தால் இன்று வெள்ளி உள்வாங்கும் வெயில், பூமி உள்வாங்குவதைவிடக் குறைவு. அப்படியிருந்தும் அதன் தரையில் 460 டிகிரி செல்சியஸ். ஈயம் உருகி ஓடும். பூமியைப் போல் சுமார் 90 மடங்கு அழுத்தமுள்ள, அநேகமாக முழுக்கக் கரியமில வாயுவாலான, வெப்பத்தை வெளியே விடாத காற்றின் வேலை இது. சூரியனுக்குக் கிட்டத்தில் இருந்தது இந்த வினையைத் தொடங்கி வைத்திருக்கலாம். இன்று அதை வாட்டுவது அதன் காற்று.

அத்தனை கரியமில வாயு நம் பூமியிலும் உண்டு. பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையாக அடைபட்டுக் கிடப்பதால் தப்பித்தோம். மழை அந்த வாயுவைக் கரைத்துக்கொண்டு வந்து பாறையை அரிக்கிறது. அரித்ததை ஆறு கடலில் சேர்க்க, அது அடியில் சுண்ணாம்பாகப் படிகிறது. நிலத்தட்டுகள் நகரும்போது அதில் ஒரு பங்கு பூமிக்குள் இழுபட்டு, எரிமலை வழியாக மறுபடி காற்றுக்கு வருகிறது. வெப்பம் கூடினால் மழையும் அரிப்பும் கூடி வாயு குறையும்; குளிர் கூடினால் அரிப்பு தளர்ந்து, எரிமலை கக்கியது காற்றிலேயே சேரும். லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெதுவாக நடக்கும் சுழற்சி இது. (இன்று நாம் புகைத்துத் தள்ளும் வேகத்துக்கு இது ஈடுகொடுக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) பூமி பிறந்தபோது சூரியனின் ஒளி இன்றைய அளவில் 70 சதவீதம்தான். அது இவ்வளவு ஏறிய பிறகும் கடல் கடலாகவே இருப்பதற்கு இந்தச் சுழற்சி முக்கியமான காரணம். 124 ஒளியாண்டுக்கு அப்பால் இப்படி ஒன்று நடக்கிறதா என்று பார்க்க நம்மிடம் இன்று கருவி இல்லை.

கே2-18பி பூமியைப் போன்றதும் அல்ல. ஆரம் 2.6 மடங்கு, நிறை 8.6 மடங்கு. வகுத்துப் பாருங்கள், அடர்த்தி பூமியினுடையதில் பாதிதான் வரும். கல்லும் இரும்புமான உருண்டைக்கு இது பொருந்தாது. மேலே ஹைட்ரஜன், அடியில் பெருங்கடல் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள்; பாறைக் குழம்பின்மேல் கவிந்த கனத்த வாயு என்று வேறு சிலர்; நெப்டியூனின் சின்ன வடிவம் என்று இன்னும் சிலர். நீங்கள் பார்த்த நீலக் கிரகத்தின் படம் ஓவியர் வரைந்தது. 2019இல் ஹபிள் தொலைநோக்கி அங்கே நீராவி கண்டதாகப் பெரிய செய்தி வந்தது. 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அளந்தபோது மீத்தேனும் கரியமில வாயுவும் தெளிவாகத் தெரிந்தன. ஹபிள் கண்ட தடம் மீத்தேனுடையது என்ற முடிவுக்கு வந்தார்கள்.

உயிருக்கு வருவோம். 2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு, டைமெத்தில் சல்ஃபைடு அல்லது அதைப் போன்ற ஒரு சேர்மத்தின் அறிகுறி தெரிவதாக அறிவித்தது. நம் கடலில் நுண்ணுயிர்ப் பாசிகள் வெளியிடுவது அது. மதுசூதன் இந்தியாவில் பிறந்தவர் என்ற பெருமை எங்களுக்கும் உண்டு. ஆனால் அந்தக் குழு சொன்னது '3 சிக்மா' அளவு. (தெரிந்த அறிகுறி வெறும் தற்செயல் அல்ல என்று எவ்வளவு நம்பலாம் என்பதற்கான அளவுகோல் சிக்மா; எண் கூடினால் நம்பிக்கை கூடும்.) கண்டுபிடிப்பு என்று ஏற்க 5 சிக்மா வேண்டும், இன்னும் 16 முதல் 24 மணி நேரம் தொலைநோக்கியில் பார்க்க வேண்டும் என்று அவர்களே சொன்னார்கள். 'உறுதி' என்ற சொல்லை ஒட்டியது செய்தி எழுதியவர்கள். அதே தரவை வேறு குழுக்கள் ஆராய்ந்தபோது அந்த அறிகுறி நிற்கவில்லை. மேலும், 67பி என்ற வால்மீனிலும் இதே சேர்மம் இருக்கிறது. அங்கே பாசி ஏது?

உயிரைத் தேடும் வேலையில் எங்களுக்கு ஆர்வம் இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அடுத்த இதழில் சனியின் நிலாவான என்செலடஸைப் பற்றி எழுதுகிறோம். 500 கிலோமீட்டர் விட்டம்தான். உயிர்வாழ் மண்டலத்துக்கு வெகுதூரம் வெளியே, பனி மூடிக் கிடக்கிறது. ஆனால் அந்தப் பனிக்கு அடியில் உப்புக்கடல் இருக்கிறது. வெடிப்புகள் வழியே அது பீறிட்டு வெளியே தெறிக்க, காசினி விண்கலம் அந்தத் தாரைக்குள்ளேயே பறந்து, நுண்ணுயிர்க்கு உணவாகக்கூடிய ஹைட்ரஜனை அளந்திருக்கிறது. அது அனுப்பிய தரவிலிருந்து 2023இல், உயிருக்கு வேண்டிய பாஸ்பேட்டும் கண்டுபிடித்தார்கள். அங்கே ஒரு கலத்தை மறுபடி அனுப்ப நம்மால் முடியும்.