சிறுநீர்ச் சோதனையை நம்பி இருக்காதீர்கள்

கேள்வி: என் 15 வயது மகனின் பள்ளிப் பையில் மாம்பழ வாசனையுள்ள மின்சிகரெட் குழல் ஒன்று கிடைத்தது. முகத்தில் பருக்கள் வந்துள்ளன. இரவில் வெகுநேரம் விழித்திருக்கிறான். போன வாரம் நின்றபடியே தள்ளாடினான், கைகள் வெட்டி இழுத்தன, சில நிமிடம் கூப்பிட்டும் பதிலில்லை. இணையத்தில் வாங்கிய சிறுநீர்ச் சோதனையில் எதுவும் தெரியவில்லை. நச்சு நீக்கும் பானம் கொடுத்துவருகிறேன். மருத்துவரிடம் போனால் வழக்காகிவிடுமா? - ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: தாமாக முன்வந்து உதவி நாடுவோருக்குத் தண்டனை இல்லை என்று சுகாதார அமைச்சு அறிவித்திருக்கிறது, பிடிபட்ட பிறகு வந்தால்தான் சிக்கல். எனவே அந்தப் பயத்தால் நாளைக் கடத்த வேண்டாம்.

பருவும் இரவு விழிப்பும் இந்த வயதில் சாதாரணம். எனக்குக் கவலை தருவது அந்தத் தள்ளாட்டமும் கை வெட்டலும்தான். ‘கேபாட்’ எனப்படும் போதை மின்சிகரெட் குழல்களில் கலக்கப்படும் எட்டோமிடேட் என்பது மருத்துவமனையில் ஊசி வழியாக நாங்கள் செலுத்தும் மயக்க மருந்து. செலுத்திய ஒரு நிமிடத்துக்குள் நோயாளி நினைவிழப்பார், சிலருக்குக் கை கால்கள் தாமாக வெட்டி இழுக்கும். அறுவைக் கூடத்தில் அருகிலேயே மருத்துவர் நின்று மூச்சைக் கவனிப்பார்; படிக்கட்டோரத்தில் மின்சிகரெட் இழுக்கும் பையனுக்கு அப்படி யாருமில்லை. 2025 செப்டம்பர் 1 அன்று சட்டம் அதைப் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்தது.

கடையில் கிடைக்கும் சிறுநீர்ச் சோதனைகள் பெரும்பாலும் கஞ்சா, அபின் வகை, ஆம்ஃபெட்டமின் போன்றவற்றையே தேடுகின்றன. எட்டோமிடேட் அவற்றில் சிக்காது. பானத்தை இன்றே நிறுத்துங்கள், அது எந்த நஞ்சையும் நீக்காது. இந்த மருந்து அட்ரினல் சுரப்பியில் கார்ட்டிசால் என்ற ஹார்மோனின் உற்பத்தியைத் தடுப்பதால், தொடர்ந்து இழுப்பவருக்குச் சோர்வும் இரத்த அழுத்தக் குறைவும் வரலாம். கார்ட்டிசால், பொட்டாசியம் அளவுகளை இரத்தப் பரிசோதனையில்தான் அறிய முடியும்.

இந்த வாரமே பலதுறை மருந்தகத்துக்கோ மனநலக் கழகத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். எட்டோமிடேட்டின் விளைவை முறிக்கும் மருந்து கிடையாது. ஆலோசனையும் தொடர் கண்காணிப்பும்தான் சிகிச்சை. முதல் பத்து நிமிடம் அவனை மருத்துவருடன் தனியாக விடுங்கள், அம்மா பக்கத்தில் இருந்தால் எத்தனை முறை இழுத்தான் என்பதைச் சொல்லமாட்டான். அதற்கிடையே வலிப்பு வந்தாலோ, எழுப்பியும் விழிக்காவிட்டாலோ, பக்கவாட்டில் படுக்கவைத்து உடனே 995ஐ அழையுங்கள். என்ன இழுத்தான் என்பதை மருத்துவ உதவியாளர்களிடம் மறைக்காதீர்கள்.