அமெரிக்க ஜாஸ் குழுக்களுக்கு பிரிட்டன் கதவடைத்த காலம்: கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்க ஜாஸ் குழுக்கள் ஒரு காலத்தில் பிரிட்டனில் வாசிக்கவே முடியாதாமே, உண்மையா ஐயா?

பதில்: உண்மைதான். வெளிநாட்டவரை வேலைக்கு அழைப்பவர் தொழிலாளர் அமைச்சகத்திடம் பெர்மிட் வாங்க வேண்டும் என்பது 1920ஆம் ஆண்டு ஆணை. 1933இல் அமெரிக்க ஜாஸ் கலைஞர் டியூக் எலிங்டன் தன் குழுவோடு வந்து வாசித்தார். 1935இலிருந்து குழுக்களுக்குப் பெர்மிட் நின்றுபோனது.

கேள்வி: வேலையில்லாத் திண்டாட்டம்தான் காரணமா?

பதில்: பாதிக் காரணம். 1930களின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர். வாத்தியக்காரர்களுக்கு இன்னொரு அடியும் விழுந்திருந்தது. ஊமைப் படத்துக்குத் திரையடியில் உட்கார்ந்து வாசித்துப் பிழைத்த ஆயிரக்கணக்கானோரை, பேசும்படம் வந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்களுடைய சங்கம் சும்மா இருக்குமா? மறுபாதி, அமெரிக்கச் சங்கத்தின் பிடிவாதம். அது பிரிட்டிஷ் குழுக்களை அங்கே வாசிக்க விடவில்லை. நீ விடாதபோது நான் ஏன் விட வேண்டும் என்று பிரிட்டனும் மூடிவிட்டது.

கேள்வி: அமெரிக்க ஜாஸ் பியானோ கலைஞர் ஃபேட்ஸ் வாலர் 1938இல் வந்தாரே?

பதில்: குழுவாக அல்ல, வெரைட்டி கலைஞர், அதாவது பல்சுவை மேடையில் தனியாகத் தோன்றுபவர் என்ற கணக்கில் வந்தார். எலிங்டனும் 1948இல் குழுவை ஊரிலேயே விட்டுவிட்டு, டிரம்பெட் கலைஞர் ரே நான்ஸ், பாடகி கே டேவிஸ் இருவரோடு வந்து, பிரிட்டன் வாத்தியக்காரர்களைப் பக்கத்தில் வைத்து வாசித்தார்.

இன்னொரு அமெரிக்கர் பென்னி கார்ட்டரை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. ஆல்ட்டோ சாக்ஸபோனில் அவருக்கு நிகர் சிலர்தான். 1936இல் அவரை பிபிசி நடனக் குழுவுக்கு இசைக்கோர்வை எழுதித்தர அழைத்தார்கள். தாளில் ஸ்வரங்களை எழுதலாம். அந்தக் குழுவில் உட்கார்ந்து அதையே வாசிக்கக் கூடாது.

கேள்வி: மீறினால்?

பதில்: வழக்குதான். 1949 நவம்பரில் லண்டன் வின்டர் கார்டன் அரங்கில் அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சிட்னி பெஷே, பிரிட்டன்காரர் ஹம்ஃப்ரி லிட்டில்டனின் குழுவோடு வாசித்தார். பெர்மிட் இல்லை. நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கு அபராதம் விழுந்தது.

கேள்வி: வேலை இழந்தவர்கள் பக்கம் நியாயமே இல்லையா?

பதில்: 1935இல் நிச்சயம் இருந்தது. அடுப்பு எரியாத வீட்டில் போய் கலைக்கு எல்லை இல்லை என்று பேச எனக்கு வாய் வராது. ஆனால் 1949இல்? போருக்குப் பின் பிரிட்டனில் வேலைக்கு ஆள் பற்றாக்குறை. திண்டாட்டம் போய்விட்டது, தடை மட்டும் போகவில்லை. அந்தத் தலைமுறை இளைஞர்கள் பலர் இசைத்தட்டில்தான் ஜாஸ் கற்றார்கள். எதிரே உட்கார்ந்து அந்த விரல்களைப் பார்க்க அவர்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

கேள்வி: அப்புறம் எப்படித் தீர்ந்தது?

பதில்: குழுவுக்குக் குழு மாற்று. 1956இல் ஸ்டான் கென்டன் குழு பிரிட்டன் வந்தது, டெட் ஹீத் குழு அமெரிக்கா போனது.