நாலடி மீன் தொட்டிக்கு வீட்டிலேயே மர ஸ்டாண்டு செய்யலாமா?

சென்னையில் முதல் மாடியில் குடியிருக்கும் ஒரு வாசகர் கேட்கிறார்: "கொளத்தூரில் சொல்லி 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் 10 மி.மீ. கண்ணாடியில் தொட்டி செய்து வைத்திருக்கிறேன். பழைய இரும்பு ஸ்டாண்டு அடியில் துருப்பிடித்துவிட்டது. மரத்தில் நானே செய்யலாம் என்று ஆசை. கை ரம்பமும் ட்ரில்லும் இருக்கின்றன. எந்த மரம் வாங்குவது, எவ்வளவு கனம் வேண்டும், வெறும் ப்ளைவுட்டில் செய்தால் தாங்குமா?"

தாராளமாகச் செய்யலாம். கை ரம்பம், ட்ரில், ஒரு உளி, ஒரு மூலைமட்டம், ஒரு ரசமட்டம், இவ்வளவும் பொறுமையும் இருந்தால் இரண்டு வார இறுதிகளில் முடிகிற வேலைதான். ஆனால் ரம்பத்தைக் கையில் எடுக்கும் முன் எடையைக் கணக்குப் போட்டுவிடுங்கள், மற்ற முடிவுகள் எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

உங்கள் தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் விளிம்பு வரை 255 லிட்டர், மேலே ஒன்றரை அங்குலம் விட்டு நிரப்பினால் ஏறக்குறைய 235 லிட்டர், அதாவது 235 கிலோ. 10 மி.மீ. கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ, உங்கள் தொட்டியில் இரண்டு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, ஆக 50 கிலோவுக்குக் குறையாது. அப்புறம் இரண்டு அங்குல மணல், கல், ஃபில்டர், மூடி. மணலும் கல்லும் இடம் பிடிக்கும் அளவுக்குத் தண்ணீர் குறையும் என்பதைக் கழித்தாலும் 350 கிலோ என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. வாட்டசாட்டமான ஐந்து ஆட்கள் அந்த ஸ்டாண்டின் மேல் ஏறி, இறங்காமல் இரவு பகலாக வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம் இது. வருடக்கணக்கில் என்பதைக் கவனியுங்கள். இன்றைக்கு அசையாமல் தாங்கும் சட்டம்கூட, எடை இறங்கவே இறங்காமல் இருந்தால் மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும், மரத்தின் இயல்பு அது.

வெறும் ப்ளைவுட்டில் பெட்டி மாதிரி செய்வது முடியாத காரியம் இல்லை, கடைகளில் நல்ல ப்ளைவுட் கேபினெட்டுகள் விற்கத்தான் செய்கிறார்கள். ஆனால் அதற்கு ஒவ்வொரு பலகையும் துல்லியமான நேர்கோட்டில் அறுபட்டிருக்க வேண்டும், கை ரம்பத்தில் அது எளிதல்ல. அதனால் உங்களுக்கு நான் சொல்வது கட்டைச் சட்டத்தில் எலும்புக்கூடு, அதன் மேல் ப்ளைவுட் போர்வை. மர நாரையும் துகளையும் பசையில் அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு பக்கம் போகவே வேண்டாம். தொடக்க காலத்தில் நான் ஒரு பார்ட்டிகிள் போர்டு கம்ப்யூட்டர் மேசையில் இரண்டரை அடித் தொட்டி வைத்திருந்தேன். தண்ணீர் மாற்றும்போது சிந்திய சொட்டுகள் ஓரத்தில் இறங்கி, எட்டு மாதத்தில் பலகை பிஸ்கட் மாதிரி ஊதி, ஸ்க்ரூக்கள் பிடிப்பை விட்டன. தொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தேன், ராத்திரியோடு ராத்திரியாக மீன்களை பக்கெட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அந்தப் பலகையைத் தொட்டிக்குக் கீழே வைக்க யாரையும் நான் விடுவதில்லை.

சரி, எந்த மரம்? பலம் என்று மட்டும் பார்த்தால் கிட்டத்தட்ட எந்த மரமும் போதும். நிமிர்ந்து நிற்கும் 2-க்கு 2 அங்குலக் கட்டை ஒன்றே, வளையாமல் நேராக நின்றால், உங்கள் தொட்டியின் முழு எடையையும் தாங்கிவிடும். மரத்தைக் கெடுப்பது எடையல்ல, ஈரமும் கரையானும்தான். அந்தக் கணக்கில் தேக்கு முதலிடம், விலையும் முதலிடம். வேம்பைக் கரையான் எளிதில் தொடாது, விலையும் கட்டுப்படியாகும், ஆனால் நார் பின்னிப் பின்னி ஓடும், கையால் இழைக்கத் திணறுவீர்கள், கடையிலேயே மிஷினில் இழைத்து வாங்கிவிடுங்கள். சால் மரம் இரும்பு மாதிரி, ஸ்க்ரூ போட வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் முதலில் துளை போட்டே ஆக வேண்டும். பேக்கிங் பெட்டிகளில் வரும் பைன் எடையைத் தாங்கும், நம் ஊர் கரையானைத் தாங்காது. ரப்பர் மரமும் மாமரமும் ஈரம் படும் இடத்துக்கு வேண்டாம்.

என்னைக் கேட்டால் பழைய மரச் சாமான் கடைக்குப் போங்கள். வீடு இடிக்கும்போது கழற்றிய ஜன்னல் சட்டமும் வாசல் நிலையும் அங்கே குவிந்து கிடக்கும். பல வருடம் காய்ந்த வைரம் பாய்ந்த கட்டைகள் அவை, இனிமேல் முறுக்கிக்கொள்ளாது. புதுக் கட்டையில் இருக்கும் பெரிய தொல்லையே அதுதான், பாதி காய்ந்ததை வாங்கி வந்து செய்தால் மூன்றாம் மாதம் சட்டம் திருகிக்கொண்டு நிற்கும். பழைய கட்டையில் உடைந்த ஆணி புதைந்திருக்கலாம், அறுக்கும் முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். எங்கே வாங்கினாலும் வெளிறிய வெள்ளைப் பகுதி இல்லாத கட்டையாகப் பார்த்து எடுங்கள், பூச்சி முதலில் விழுவது அந்த வெள்ளையில்தான்.

அளவு 2-க்கு 3 அங்குலம். இழைத்தால் ஒவ்வொரு பக்கமும் கொஞ்சம் போகும் என்பதால், இழைத்த பிறகு என்ன அளவு நிற்கும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டரை அடி உயர ஸ்டாண்டுக்கு எல்லாம் சேர்த்து 38 அடி ஓட்டம் வரும். 2-க்கு 3 கட்டையில் 24 அடி ஓட்டம் ஒரு கன அடி, ஆகவே சேதாரத்தோடு 2 கன அடி வாங்கினால் போதும்.

இனிதான் முக்கியமான விஷயம். வீட்டில் செய்த ஸ்டாண்டுகள் தோற்றுப்போவது பெரும்பாலும் மரத்தால் அல்ல, எடை தரைக்கு இறங்கும் வழியால். நான்கு கால்களை நிறுத்தி, மேல் சட்டத்தை அவற்றின் பக்கவாட்டில் வைத்து ஸ்க்ரூ அடித்துவிடுவார்கள். பார்க்கக் கச்சிதமாக இருக்கும், ஆனால் 350 கிலோவும் அந்த ஸ்க்ரூக்களின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ வேலை சேர்த்துப் பிடிப்பது மட்டுமே. எடை மரத்திலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து தரைக்கு இறங்க வேண்டும். எல்லா ஸ்க்ரூவையும் கழற்றிவிட்டாலும் மேல் சட்டம் கால் மேலேயே உட்கார்ந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள், ஆமாம் என்றால் உங்கள் வடிவமைப்பு சரி.

அதற்கு எளிய வழி, காலின் தலையில் ஒரு படி வெட்டுவது. காலின் 3 அங்குலப் பக்கம் முன்பின்னாக இருக்கும்படி நிறுத்தி, தலையில் வெளிப்பக்கமாக, சட்டத்தின் கனத்துக்கும் உயரத்துக்கும் சரியாக வெட்டி எடுங்கள். உள்பக்கம் ஒரு அங்குலம் நாக்கு மாதிரி மேலே நிற்கும். நீளச் சட்டம் அந்தப் படியில் வந்து உட்காரும், நாக்கு வழியாக இரண்டு ஸ்க்ரூ சட்டத்துக்குள் போகும். ஃபெவிகால் மரைன் மாதிரி தண்ணீர் தாங்கும் பசை தடவி, கிளாம்ப் போட்டு ஒரு நாள் விடுங்கள். படியின் அடி சமமாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் சமரசம் வேண்டாம், உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, சட்டம் முழுதாகப் படிந்து உட்கார்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இந்த ஆறு படிகளில் செலவழிக்கும் நேரம்தான் மொத்த வேலையின் உயிர்.

ஆமாம், ஆறு. நாலடிக்கு நான்கு கால் போதாது, முன்னாலும் பின்னாலும் நடுவில் ஒவ்வொரு கால் கொடுங்கள். சட்டத்தின் இடைவெளி பாதியானால் தொய்வு பாதியாகாது, 16-இல் ஒரு பங்காகிவிடும். அதே மாதிரி சட்டத்தைப் படுக்கப் போடாமல் 3 அங்குலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி போடுங்கள், மரம் அதேதான், விறைப்பு மட்டும் இரண்டே கால் மடங்கு கூடும். முன்னால் நடுக்கால் வந்தால் கேபினெட் கதவு இரண்டாகப் பிரியும், பெரிய ஃபில்டரை உள்ளே வைக்கச் சங்கடம் என்பார்கள். அப்படியானால் சட்டத்தை 2-க்கு 4 ஆக்கிவிட்டு முன் நடுக்காலை விட்டுவிடலாம். முதல் முறை செய்கிறவர் என்பதால் நான் உங்களுக்கு ஆறு காலையே சொல்வேன்.

இரண்டு நீளச் சட்டங்களுக்கும் இடையே இரு முனைகளிலும் நடுவிலும் குறுக்குச் சட்டம் போடுங்கள். தரையிலிருந்து நாலு அங்குலம் மேலே, கால்களின் உள்பக்கம் கீழ்ச் சட்டம். அது தாங்கப்போவது பம்பும் ஃபில்டரும்தான், பசையும் ஸ்க்ரூவும் போதும். சட்டத்தைத் தரையோடு படுக்க வைக்காததற்குக் காரணம் நம் வீடுகளில் தினமும் தரை துடைப்பது, அடிச்சட்டம் ஈரத்திலேயே ஊறிக்கொண்டிருக்கும்.

இப்போது எலும்புக்கூட்டின் மேல் கை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள், ஆடும். மேலிருந்து எவ்வளவு எடை வந்தாலும் தாங்கும் ஸ்டாண்டு, ஒரு குழந்தை மோதினால் சீட்டுக்கட்டு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடக்கூடும். அதைத் தடுப்பது முதுகுப் பலகை. 12 மி.மீ. ப்ளைவுட்டைப் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி, அரை அடிக்கு ஒரு ஸ்க்ரூ வீதம் அடியுங்கள், இட வலமாக ஆடுவது நின்றுவிடும். இரு பக்கங்களுக்கும் அதேபோலப் போட்டால்தான் முன்பின் ஆட்டமும் நிற்கும். குழாயும் வயரும் போகத் துளை வேண்டுமென்றால் பலகையின் நடுவாகப் போடுங்கள், மூலைகளை வெட்டாதீர்கள்.

மேல் பலகை 19 மி.மீ. ப்ளைவுட். மேலே ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது மரைன் ப்ளைக்கான இந்தியத் தரக் குறியீடு. ஐ.எஸ். 303-இல் வரும் எம்.ஆர்., அதாவது ஓரளவு ஈரம் மட்டுமே தாங்கும் வகை சாதாரண அறைகலன்களுக்குச் சரி, தண்ணீர் சிந்தும் இடத்துக்கு அது அல்ல. அடிக்கும் ஸ்க்ரூ தலைகள் பலகைக்குள் அமிழ்ந்திருக்க வேண்டும், ஒரு மில்லிமீட்டர் துருத்தினாலும் கண்ணாடியின் மொத்தப் பாரமும் அந்தப் புள்ளியில் போய் நிற்கும். அதன் மேல் 10 அல்லது 12 மி.மீ. தெர்மாகோல் விரித்துத்தான் தொட்டியை வைக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களை அது வாங்கிக்கொள்ளும். உங்களுடையது சிலிக்கான் வைத்து ஒட்டிய, அடிக்கண்ணாடி முழுதும் படியும் தொட்டி என்பதால் இதைச் சொல்கிறேன். பிளாஸ்டிக் விளிம்பில் நிற்கும் ஃப்ரேம் தொட்டிகளுக்குத் தெர்மாகோல் வேண்டாம், நடுக்கண்ணாடியை அது மேல் நோக்கித் தள்ளிவிடும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ப்ரைமர், அப்புறம் இரண்டு கை எனாமல் அல்லது பி.யு. (பாலியூரித்தேன்) கோட்டிங். பிரெஞ்சு பாலிஷ் அழகுதான், ஆனால் தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெள்ளை பூக்கும். உள்பக்கம், அடிப்பக்கம், ப்ளைவுட்டின் ஓரங்கள், எல்லாவற்றையும் விட முக்கியமாகக் கால்களின் அடிமுனை, இவற்றுக்கு இன்னும் ஒரு கை கூடுதலாகக் கொடுங்கள். மரம் தண்ணீர் குடிப்பது வெட்டுமுனை வழியாகத்தான். காலடியில் ரப்பர் புஷ் போடுங்கள். பெயின்ட் காய்ந்ததும் அவசரப்பட்டு மீன் விடாதீர்கள், குறைந்தது ஒரு வாரம் ஃபேன் காற்றில் திறந்து வைத்து, கேபினெட்டுக்குள் தலையை விட்டு முகர்ந்தால் தின்னர் வாடை வரக்கூடாது. ஏர் பம்ப் உள்ளே இருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் ஊதப்போகிறது. பம்ப் தொட்டிக்குக் கீழே இருப்பதால் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வும் கட்டாயம், இல்லாவிட்டால் கரன்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியாகப் பம்புக்குள் இறங்கிவிடும். ஒவ்வொரு வயரும் ப்ளக்குக்குக் கீழே ஒரு வளைவு தொங்கிவிட்டு மேலேறட்டும், வழிந்து வரும் சொட்டு அந்த வளைவிலேயே கீழே விழுந்துவிடும்.

மாடியில் எங்கே வைப்பது? வீட்டுத் தளங்களை சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ என்ற கணக்கில் வடிவமைப்பார்கள், உங்கள் தொட்டி நிற்கும் அரைச் சதுர மீட்டரில் அதைவிடக் கூடுதல்தான் வரும். ஆனால் அந்தக் கணக்கு அறை முழுவதும் எடை பரவி இருப்பதாக வைத்துப் போடுவது, நல்ல நிலையில் உள்ள கான்கிரீட் தளத்தில் சுவரை ஒட்டி, முடிந்தால் கீழே பீம் ஓடும் வரிசையில் வைத்தால் நாலடித் தொட்டி பிரச்சினை ஆவதில்லை. அறை நடுவிலும், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியிலும் வேண்டாம். பழைய மெட்ராஸ் டெரஸ் தளம், அதாவது மரக்கட்டை மேல் செங்கல் பாவிய தளமாக இருந்தால் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டாமல் வைக்காதீர்கள்.

வைத்த இடத்தில் காலியாக இருக்கும்போதே ரசமட்டம் பாருங்கள். ஆறு காலும் தரையைத் தொட வேண்டும். தொடாத கால் இருந்தால் அதன் அடியில் பிளாஸ்டிக் தகடோ மைக்கா துண்டோ கொடுத்து இறுக்குங்கள். மட்டம் சரிசெய்வது எப்போதும் ஸ்டாண்டுக்கும் தரைக்கும் நடுவில்தான், தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் அட்டை செருகினால் அடிக்கண்ணாடி ஒரு நாள் விரிசல் விடும். பிறகு மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் விட்டு, விளிம்பிலிருந்து நீர்மட்டம் வரை நான்கு மூலைகளிலும் ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூலைக்கு மூலை இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் தண்ணீரை இறக்கிவிட்டு மறுபடி மட்டம் பாருங்கள். சரியாக இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, மறுநாள் முழுசாக. நிரப்பி 24 மணி நேரம் கழித்தும் நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று ஒத்து, கதவுகள் உரசாமல் மூடினால், தண்ணீரைப் பாதிக்கு இறக்கிவிட்டு மணலைக் கழுவிப் போட ஆரம்பிக்கலாம்.