ஸ்லைடு போட்டும் பிள்ளைகள் ஏன் கொட்டாவி விடுகிறார்கள்?

"எட்டாம் வகுப்புக்கு ஸ்லைடு போட்டு நடத்தினாலும் பத்து நிமிடத்தில் கவனம் போய்விடுகிறது, என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வரிகளைக் குறையுங்கள். திரையில் இருப்பதையே நீங்களும் வாசித்தால் கண் ஒரு வேகத்தில் ஓடும், காது இன்னொரு வேகத்தில் வரும்; இரண்டும் மோதி எதுவும் மனதில் நிற்காது. ஒரு படம், நாலு சொல் போதும்.

அப்புறம், விடையைச் சொல்வதற்கு முன் ஊகிக்க விடுங்கள். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் எளிய இயந்திரங்கள் பாடம் நடத்தும்போது நான் பாம்பன் பாலத்தின் படத்தை மட்டும் காட்டுவேன். கப்பல் வந்தால் ரயில் பாலம் என்ன செய்யும்? 1914இல் திறந்த பழைய பாலம் இரண்டு கைகளைத் தூக்குவதுபோல விரிந்தது. ஆட்கள் கையால் சுற்றித்தான் திறந்தார்கள். 2025இல் வந்த புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே செங்குத்தாக ஏறும். இரண்டையும் அட்டையில் வெட்டிப் பிள்ளைகளே செய்து பார்ப்பார்கள். அப்பாவோடு படகில் போகிற பையன்தான் அன்றைக்கு வாத்தியார். நான் கடைசி பெஞ்சில்.

முடிக்கும்போது திரையை அணைத்துவிட்டு, நினைவிலிருந்து மூன்று விஷயம் எழுதச் சொல்லுங்கள். திரும்ப வாசிப்பதைவிட இது நன்றாகப் பதியும்.

அனிமேஷனா? சரி, ஆசைக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போகும் நாளுக்கு அட்டைப் பாலம் பையில் இருக்கட்டும்.