பக்கத்து வீட்டு ரேடியோவின் வாயை அடைக்கலாமா?

கேள்வி: ஐயா, ஓசூரில் ஒரு கம்பெனியில் நைட் ஷிப்ட் பார்க்கிறேன். காவேரிப்பட்டணத்தில் வாடகை வீடு. கம்பெனி பஸ்ஸில் வந்து காலை எட்டு மணிக்குப் படுத்தால், ஒட்டுச்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் தாத்தா (எழுபதைத் தாண்டியவர்) தருமபுரி எஃப்.எம்.மை ஆம்ப்ளிஃபையரில் போட்டுவிடுகிறார். மதியம் வரை அலறல். சுவர் அலமாரியில் இரண்டு பெரிய பாக்ஸ். நேரில் போய்ச் சொன்னால் "குறைக்கிறேன் கண்ணு" என்பார். பத்து நிமிடத்தில் பழைய கதைதான். ரேடியோ அலையை மறித்துக் கெடுக்கும் எஃப்.எம். ஜாமர் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் என்கிறான் நண்பன். வாங்கலாமா? அல்லது நீங்களே ஒரு சர்க்யூட் வரைந்து தருவீர்களா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, சர்க்யூட் தரமாட்டேன். நாற்பது வருடமாகச் சாலிடர் புகையைச் சுவாசித்தவனுக்கு அது தெரியாமல் இல்லை. ஜாம் செய்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டேன், அதனால்தான்.

1981. தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாக இருந்தேன். எதிரே டீக்கடை, அதை ஒட்டி டெய்லர் கடை. டீக்கடையில் ஒரு மர்ஃபி வால்வு செட், எந்நேரமும் சிலோன் ஸ்டேஷன் பாட்டு. டெய்லர் தன் மெஷினுக்குப் புதிதாக மோட்டார் போட்டார். அந்த மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் உரசி உரசிப் பொறி விடும். பெடலை மிதித்தால் போதும், பக்கத்து டீக்கடை ரேடியோ 'கர்ர்ர்'ரென்று கத்தும். டெய்லருக்கும் டீக்கடைக்காரருக்கும் ஏற்கெனவே வாய்க்கால் தகராறு மாதிரி ஏதோ பழைய கடுப்பு. விஷயம் புரிந்ததும் டெய்லர் மெஷினில் துணியே வைக்காமல் சும்மா பெடலை மிதிக்க ஆரம்பித்தார்.

டீக்கடைக்காரர் ரேடியோவை நிறுத்தினாரா? வால்யூமைக் கூட்டினார். இவர் இன்னும் மிதிக்க, அவர் இன்னும் கூட்ட, ஒரு வாரம் தெருவே பாட்டும் கர்ருமாகக் கிடந்தது. கடைசியில் என் முதலாளி பொறி கிளப்பும் இரைச்சலை விழுங்கும் ஒரு கண்டென்சரை என் கையில் கொடுத்து, "போய் அந்த மோட்டார்ல வெச்சுட்டு வாடா" என்றார். இரண்டு ரூபாய் சமாச்சாரம்.

உன் கதையும் அப்படித்தான் போகும். அந்தக் காலத்து மீடியம் வேவ், ஷார்ட் வேவில் இரைச்சல் பாட்டோடு கலந்து வரும். எஃப்.எம். அப்படியில்லை. ஒரே அலைவரிசையில் இரண்டு சிக்னல் வந்தால் பலமானதைப் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். தருமபுரி நிலையம் 102.5-ல் வருகிறது, உங்கள் ஊரில் நன்றாகவே எடுக்கும். உன் பொம்மை, சுவரோரம் ஜெயிக்கும், தாத்தா வீட்டுத் திண்ணையில் தோற்கும். நடுவில் இரண்டும் மல்லுக்கட்டும் இடத்தில் வெறும் 'புஸ்ஸ்', அதுவும் அதே ஆம்ப்ளிஃபையரில், அதே இரண்டு பாக்ஸில். பெரியவர் ஏரியலை நீட்டுவார், செட்டை இரண்டு தட்டு தட்டுவார், பிறகு கூட்டுவார். ஒருநாள் பேரன் வந்து பென் டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுத்துவிட்டால் உன் 1,500 ரூபாய் அம்போ.

இன்னொன்று, அலை உன் சுவரோடு நிற்காது. தெருமுனை டீக்கடையும் ஆட்டோவும் மாந்தோப்புக் காவல்காரர் மடியில் வைத்திருக்கும் டிரான்சிஸ்டரும் சேர்ந்துதான் கெடும். எஃப்.எம். 108 மெகாஹெர்ட்ஸில் முடிகிறது. அதை ஒட்டியே மேலே விமானங்கள் வழி பார்க்கவும் பேசவும் பயன்படுத்தும் அலைகள். மலிவான ஜாமர் எங்கே நிற்கச் சொன்னாலும் நிற்காது, பக்கத்திலும் சிந்தும். நீ வேலை பார்க்கிற ஓசூரில் விமானத் தளம் இருப்பது உனக்கே தெரியும். சட்டமும் விடாது. 1885-ம் வருடத் தந்திச் சட்டம், 1933-ம் வருட வயர்லெஸ் சட்டம் இரண்டுக்கும் பதிலாகக் கொண்டுவந்தது 2023-ம் வருடத் தொலைத்தொடர்புச் சட்டம். சிறைச்சாலைக்கு ஜாமர் வைக்கவே மத்திய அமைச்சரவைச் செயலகத்தில் அனுமதி கேட்க வேண்டும். நீயும் நானும் எந்த மூலை?

இனி உன் கடிதத்தில் என் கண்ணில் பட்ட வரி: 'சுவர் அலமாரியில் இரண்டு பெரிய பாக்ஸ்.' அங்கேதான் கோளாறு. உன்னைத் தூங்கவிடாதது பாட்டு இல்லை, 'தும் தும்' என்கிற பாஸ். பேச்சையும் புல்லாங்குழலையும் ஒரு செங்கல் சுவர் ஓரளவு தடுத்துவிடும். பாஸ் தடுபடாது. அதுவும் பாக்ஸ் சுவரிலேயே உட்கார்ந்திருந்தால் சுவர் முழுக்க ஒரு ஸ்பீக்கர்தான். அடுத்த முறை படுக்கும்போது உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார், அதிரும்.

பெரியவர் ஏன் கூட்டுகிறார்? வம்புக்கு இல்லை. வயதானால் காதில் முதலில் போவது கீச்சு ஒலிகள். ச, த, ப எல்லாம் ஒன்றுபோல் கேட்கும். செய்தி வாசிப்பவர் முணுமுணுக்கிற மாதிரி இருக்கும். அவர் வால்யூமைத் திருப்புகிறார். கூடவே பாஸும் ஏறுகிறது, அது அவருக்குத் தெளிவு தராது, உனக்குத் தூக்கத்தையும் தராது.

ஆகவே சண்டைக்காரனாகப் போகாதே, மெக்கானிக்காகப் போ. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கையில் கால் கிலோ காராபூந்தி. "தாத்தா, செட்டு தெளிவா இல்லையே, நான் பார்க்கட்டுமா?" என்று கேள். ஆம்ப்ளிஃபையரில் பாஸ் திருகைப் பாதிக்கும் கீழே இறக்கு, கீச்சு ஒலிக்கான ட்ரெபிள் திருகைக் கூட்டு. பாக்ஸை அலமாரியிலிருந்து எடுத்து, எதிர்ப்பக்கம் ஸ்டூலில், அடியில் பழைய சைக்கிள் டியூபை நான்காக மடித்து வை. மூலையில் வைக்காதே, மூலை பாஸைப் பெருக்கும். முக்கியமாக, பாக்ஸ் அவர் நாற்காலிக்கு இரண்டு மூன்றடியில் இருக்கட்டும். பக்கத்தில் இருந்தால் வால்யூம் தானாகக் குறையும். நான் இப்படி மூன்று வீடுகளில் செய்திருக்கிறேன். இரண்டில் பலித்தது. மூன்றாவது வீட்டில் கூட்டியது தாத்தா இல்லை, மருமகள்.

அதுவும் சரிவரவில்லை என்றால் விதி இருக்கிறது. 2000-ம் வருட ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. வீட்டு செட்டின் சத்தம் அவர் எல்லையில் அதைவிட 5-க்கு மேல் கூடக் கூடாது. காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் உன் பகல் தூக்கத்துக்கென்று தனி எண் அந்த விதியில் இல்லை, நைட் ஷிப்ட்காரர்களை யாரும் நினைக்கவில்லை. அதனால் போலீஸுக்கு முன்னால் காராபூந்தி.

கேள்வி: எங்கள் ஊர்த் திருவிழாவில் பாரதக் கூத்து. விடிய விடிய மைக் செட். மகளுக்குப் பிளஸ் டூ பரீட்சை. இரவு பத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறார்களே, உண்மையா? (ஒரு தாய், பாலக்கோடு)

பதில்: உண்மைதான் அம்மா. ஒலிபெருக்கிக்கு எழுத்து மூலம் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. பண்டிகைகளுக்கு வருடத்தில் 15 நாள் வரை மட்டும், நள்ளிரவு 12 வரை மாநில அரசு விலக்குத் தரலாம். ஊர்க் கூத்தை எதிர்த்துத் தனியாக நிற்பது சங்கடம் என்று தெரியும். ஆகவே முதலில் மைக் செட்காரரைப் பிடியுங்கள், ஊர்ப் பெரியவர்களை அப்புறம் பார்க்கலாம். புளியமர உச்சியில் கட்டியிருக்கும் குழாய்களை இறக்கி, ஆட்டக்களத்தைப் பார்த்துத் திருப்பச் சொல்லுங்கள். என் சின்ன வயதில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் மைக் இல்லாமல் துரியோதனன் வேஷக்காரர் பாடினால் கடைசி வரிசைக்குக் கேட்கும். கேட்காதவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். இறக்க மறுத்தால் 100 அல்லது 112.

கேள்வி: பகலில் நன்றாகப் பாடும் ரேடியோ மாலை ஏழு மணிக்கு மேல் இரைகிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கருவி வைத்திருப்பாரோ? (பென்னாகரம் வாசகர்)

பதில்: அவரை விடுங்கள். ரேடியோவைப் பேட்டரியில் பாடவிட்டு, உங்கள் வீட்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டுக்குள். பிறகு மெயினைப் போட்டு, ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். மலிவான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் இரண்டும்தான் இப்போது அதிகம் மாட்டுகின்றன. ஏழு மணி என்கிறீர்கள், எதற்கும் சாமி படத்தில் மாட்டியிருக்கும் சீரியல் செட்டை முதலில் கழற்றுங்கள்.