சி.டி.சி. 6 லட்சம், கைக்கு 37,000: குடும்பத்தோடு பெங்களூரு போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். பிடித்தம் போக 24,000 ரூபாய் கைக்கு வருகிறது. மனைவி வீட்டிலேயே பிளவுஸ் தைத்து மாதம் 6,000 சம்பாதிக்கிறார். அப்பா அம்மாவோடு சொந்த வீட்டில் இருக்கிறோம். மகன் இந்த ஜூனில் யு.கே.ஜி. போகிறான். பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு கம்பெனி ஆண்டுக்கு 6 லட்சம் சி.டி.சி.யில் கூப்பிடுகிறது. மாதம் 50,000 என்றால் இப்போதைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. எலெக்ட்ரானிக் சிட்டியில் வீட்டு வாடகை 15,000, அட்வான்ஸ் ஆறு மாதம் கேட்கிறார்கள். ஒரு புரோக்கர், "6 லட்சம் லீஸுக்குக் கொடுங்க, வாடகையே வேண்டாம்" என்கிறார். வங்கியில் 1.8 லட்சம் இருக்கிறது. நகைக்கடன் 1 லட்சம். பைக் தவணை 4,500, இன்னும் 10 மாதம். மனைவியின் மீதி நகையை அடகு வைத்து லீஸுக்குப் போகலாமா?

பதில்: வேலைக்குப் போங்கள். லீஸுக்குப் போகாதீர்கள். குடும்பத்தை இந்த ஜூனிலேயே கூட்டிப்போகவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

சி.டி.சி. என்பது கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. அதை 12ஆல் வகுத்து வருகிற தொகை யார் கைக்கும் அப்படியே வந்ததில்லை. நீங்கள் அனுப்பிய ஆஃபர் லெட்டரில் 60,000 ரூபாய் 'வேரியபிள் பே'. அது ஆண்டு முடிவில், கம்பெனி மனது வைத்தால் வருவது. ஆக மாதக் கணக்கில் 5,000 போயிற்று. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 25,000 என்று போட்டிருக்கிறார்கள். அதில் கம்பெனி கட்டும் பி.எஃப். 3,000, கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) 1,200, குழுக் காப்பீட்டுக்கு 600. எல்லாம் உங்கள் பெயரில் எழுதப்பட்ட செலவுதான், ஆனால் மாதச் சம்பளத்தில் வராது. மிச்சம் 40,200. அதிலிருந்து உங்கள் பங்கு பி.எஃப். 3,000, கர்நாடகத் தொழில் வரி 200. கைக்கு வருவது 37,000. ஒரே ஆறுதல், வருமான வரி கிடையாது. புதிய வரி முறையில் 2025-26 முதல் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வரி வராது. அதனால் வாடகை ரசீது, எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்க வேண்டாம்.

இப்போது 24,000, அங்கே 37,000. உயர்வு 13,000. குடும்பத்தோடு போனால் மனைவியின் தையல் வருமானம் 6,000 முதல் நாளே நின்றுவிடும். பிளவுஸ் வாடிக்கை என்பது தெருவில், சொந்தத்தில், கோவிலில் பார்த்துப் பழகியவர்களால் வருவது. மிஷினை லாரியில் ஏற்றலாம், வாடிக்கையை ஏற்ற முடியாது. ஆகக் குடும்பத்துக்கு நிஜமாகக் கூடுவது 7,000. அந்த 7,000ஐ நம்பி 15,000 வாடகைக்கு வீடு பார்க்கிறீர்கள்.

உங்கள் செலவுப் பட்டியலை வைத்து எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கணக்குப் போட்டேன். வாடகையும் பராமரிப்பும் தண்ணீரும் 16,500. மளிகை, பால், காய்கறி, கேஸ் 11,000. பைக் தவணை 4,500, நகைக்கடன் வட்டி 900, பள்ளி மாதக் கணக்கில் 4,500, பெட்ரோலும் போனும் 3,500, ஊருக்குப் போய்வர 2,000, இதர செலவு 3,000. நீங்கள் எழுதாமல் விட்டது ஒன்று இருக்கிறது: அப்பா அம்மா. இப்போது ஒரே அடுப்பு. நீங்கள் கிளம்பினால் அங்கே தனி அடுப்பு எரியும். மருந்தோடு சேர்த்து 5,000 அனுப்பியாக வேண்டும். மொத்தம் 50,900. மாதம் 14,000 ரூபாய் துண்டு விழுகிறது. அதை கிரெடிட் கார்டு நிரப்பும், அப்புறம் பெர்சனல் லோன் நிரப்பும்.

இது போக, போய் இறங்குகிற செலவு. அட்வான்ஸ் 90,000, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை, லாரி, பள்ளி அட்மிஷன், கேஸ், ஃபேன், திரைச்சீலை என்று ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிடும். கையிருப்பு 1.8 லட்சமும் ஏறக்குறைய காலி. மாதக் கடைசியில் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதத்தோடு சேர்ந்துதான் வரும், அதையும் கணக்கில் வையுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது பெங்களூரில் சாதாரண வழக்கம். என்னிடமும் ஒரு வீட்டுக்காரர் பிடித்தார். அடுத்து வந்தவர் அதே பழைய சுவரோடுதான் குடியேறினார்.

சரி, லீஸுக்கு வருவோம். புரோக்கர் சொல்லும் கணக்கு காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது. 6 லட்சம் நகைக்கடன், வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தால் மாதம் 5,000. வாடகை 15,000. மாதம் 10,000 லாபம் போலத் தெரியும். நம் ஊரில் ஒத்தி, போக்கியம் என்று பழகிய ஏற்பாடு என்பதால் நமக்குப் பயமும் வராது. ஆனால் அந்த 6 லட்சத்தை வீட்டுக்காரர் வாங்கி என்ன செய்வார்? பெட்டியில் பூட்டி வைக்க மாட்டார். கடனை அடைப்பார், மகளுக்குக் கல்யாணம் செய்வார், மேல்மாடி எழுப்புவார். நீங்கள் காலி செய்யும் அன்று, அடுத்த லீஸ்காரர் வந்து பணம் கொடுத்தால்தான் உங்களுக்குப் பணம். அவர் வருகிறவரை நகைக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

இதைவிட மோசமானது, அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து வீட்டுக்காரர் தவணை கட்டாமல் விட்டுவிடுவது. வங்கிகளின் கடன் வசூலுக்கான சர்ஃபேசி சட்டத்தின்படி, நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுத் தீர்ப்புக்குக் காத்திருக்காமலே வங்கி வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். உங்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பதிவு செய்யாத ஒரு ஸ்டாம்ப் பேப்பர். வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தால் போதுமே என்பீர்கள். பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடன் எல்லாம் அதில் ஏறியிருக்கும் என்று நம்ப முடியாது. மாதம் 10,000 மிச்சப்படுத்த, குடும்பத்தின் மொத்தத் தங்கத்தையும் முகம் தெரியாத ஒருவர் கையில் கொடுப்பதற்கு நான் ஒப்ப மாட்டேன்.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதல் பத்து மாதம் நீங்கள் மட்டும் போங்கள். பொம்மசந்திரா பக்கம் சாப்பாட்டோடு பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி), ஒரு அறையில் இருவர் என்றால் 8,500 என்று வைத்திருக்கிறேன். கைச்செலவு 3,000, ஊருக்குப் போய்வர 2,500. வீட்டுச் செலவு தவணை, வட்டி, பள்ளி, மருந்து எல்லாம் சேர்த்து 20,700. மொத்தம் 34,700. வரவு, தையலோடு சேர்த்து 43,000. மாதம் 8,300 நிற்கும். இன்று உங்களுக்கு 4,800தான் மிஞ்சுகிறது. மைசூரு-தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பெங்களூரு, ஓசூர் வழியாகத்தான் திண்டுக்கல் வருகிறது. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். ஸ்லீப்பரில் போட்டுவிட்டால் ஆம்னி பஸ்ஸுக்குக் கொடுப்பதில் பாதிகூட ஆகாது. தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் திறந்த அன்றே போட்டுவிடுங்கள்.

பத்து மாதம் நீளம்தான், மறுக்கவில்லை. நாலு வயதுப் பையனை மாதம் இரண்டு முறை பார்ப்பது என்ன கஷ்டம் என்று எனக்கும் தெரியும். மனைவி தலையில் வேலை கூடும். இதை அவரோடு உட்கார்ந்து பேசி, அவர் சரி என்ற பிறகு செய்யுங்கள்.

பத்து மாதம் கழித்து மூன்று காரியம் ஒன்றாகக் கூடிவரும். பைக் தவணை முடியும். சேரும் 83,000த்தோடு கையிருப்பிலிருந்து 17,000 போட்டால் நகைக்கடன் அடையும். பையன் யு.கே.ஜி. முடித்து ஒன்றாம் வகுப்புக்குத் தயாராவான். பள்ளி மாற்ற அதைவிட நல்ல நேரம் இல்லை.

அப்போதும் எலெக்ட்ரானிக் சிட்டி வேண்டாம், ஓசூர் பாருங்கள். உங்கள் கம்பெனி நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒயிட்ஃபீல்டில் இருந்தால் இதைச் சொல்லவே மாட்டேன். பொம்மசந்திரா நகரத்தின் தென் விளிம்பு; அத்திப்பள்ளி தாண்டினால் ஓசூர், ஏறக்குறைய 15 கிலோமீட்டர். அந்தப் பக்கத்துக் கம்பெனிகள் பலவும் ஓசூரிலிருந்து பஸ் விடுகின்றன. உங்கள் கம்பெனி விடுகிறதா என்று கேளுங்கள். ரேஷன் கார்டில் முகவரி மாற்றினால் போதும், பையனுக்குத் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம், மனைவிக்குப் பேச்சுத் துணைக்கும் தையலுக்கும் தமிழ் பேசும் தெரு. பைக்குக்கும் வசதி: வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும், ஓசூரில் அந்தத் தொல்லை இல்லை.

9,000 வாடகையில், மனைவி மறுபடி தைத்து 4,000 கொண்டுவந்தால், ஓசூரில் உங்கள் வரவு 41,000. தவணையும் வட்டியும் இல்லாத செலவு 36,500. மிஞ்சுவது 4,500. இன்றைக்குத் திண்டுக்கல்லில் மிஞ்சுவதைவிடக் கொஞ்சம் குறைவு! அப்புறம் எதற்குப் போவது என்று கேட்கலாம். இரண்டு பக்கமும் சேர்த்து மாதம் 6,000 பி.எஃப்., பென்ஷன் கணக்குகளில் ஏறுகிறது. அடுத்த வேலைக்குப் பேரம் 24,000இல் தொடங்காது. மில்லில் உங்களுக்கு நாலு வருஷத்தில் எவ்வளவு ஏறியது என்று நீங்களே கணக்குப் பாருங்கள். இந்த இரண்டுக்காகத்தான் போகச் சொல்கிறேன், 50,000த்துக்காக அல்ல.

கையெழுத்துப் போடுமுன் எச்.ஆரிடம் பேசுங்கள். வேரியபிளில் பாதியையாவது நிரந்தரச் சம்பளத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அது மாதம் 2,500. இடம்பெயரும் செலவுக்கு ஒரு தொகை கேளுங்கள், ஒரு வருஷத்துக்குள் வேலையை விட்டால் அதைத் திருப்பித் தர வேண்டுமா என்றும் கேளுங்கள். இப்போதைய பி.எஃப்.பை எடுக்காதீர்கள், அதே யு.ஏ.என்.னில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து வருடத் தொடர் சேவைக்கு முன் எடுத்தால் வருமானமாகக் கணக்கிடுவார்கள். குழுக் காப்பீட்டில் அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுமா, அதற்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் மெயிலில் எழுதி வாங்குங்கள். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள். கணக்கைத் திருத்திப் போட்டுத் தருகிறேன்.