அலமாரியில் தெரியாத நாடு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அண்மையில் கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்வந்தேன். ஹவானாவில் ரேஷன் புத்தகத்தோடு மக்கள் வரிசையில் நிற்கிறார்கள். கடையில் பாதி அலமாரி காலி. சிங்கப்பூரில் எதுவும் உடனே கிடைக்கிறது. அடிப்படைத் தேவைகளைத் தீர்ப்பது சந்தைதான், அரசு அல்ல என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் பார்த்த வரிசை உண்மை. கியூபாவில் ரேஷன் புத்தகம் 1962 முதல் இருக்கிறது. அதில் கிடைப்பது மாதக் கடைசி வரை வராது. அமெரிக்காவின் வணிகத் தடை அதற்கு ஒரு காரணம்தான், முழுக் காரணம் அல்ல. இதுவரை நமக்குள் சண்டை இல்லை.

ஆனால் சந்தைக்குச் சாட்சியாகச் சிங்கப்பூரைக் கூப்பிடுகிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. அங்கு வசிப்பவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் குடியிருப்பது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில். 1966இல் கொண்டுவந்த சட்டத்தின் கீழ் தனியார் நிலத்தை அரசு எடுத்துக்கொண்டது. பல காலம் இழப்பீடு சந்தை விலைக்கும் குறைவு. காசு கொடுத்து வாங்கினாலும் வீடு 99 ஆண்டுக் குத்தகைதான். அந்தக் காசும் பெரும்பாலும் சம்பளத்தில் கட்டாயமாகப் பிடிக்கும் மத்திய சேம நிதியிலிருந்து போகிறது. ஒரு கட்டடத்தில் எந்த இனத்தவர் எத்தனை வீடு வரை வாங்கலாம் என்பதற்குக்கூட 1989 முதல் வரம்பு உண்டு. திருமணமாகாதவரா? பொதுவாக 35 வயது வரை பொறுத்திருக்க வேண்டும். இதற்கும் சந்தை என்றுதான் பெயர் என்றால், சரி, அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் பயணியின் கண்ணில் படாது. அவருக்குச் சாப்பாடும் பேருந்தும் வேண்டும். வாடகைக்கு வீடு தேட வேண்டியதில்லை, பிரசவம் பார்க்க வேண்டியதில்லை. அதனால் கடை அலமாரியை வைத்தே நாட்டை அளந்துவிடுகிறார்.

ஹவானாவிலும் அதே கதை. கீழே நோயாளிகளைப் பார்த்துவிட்டு மாடியிலேயே குடியிருக்கும் குடும்ப மருத்துவரை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். அவரிடம் கட்டணம் கிடையாது. அவர் எழுதித் தரும் மருந்து கிடைக்குமா என்பது வேறு விஷயம். வீட்டு விவகாரம் இன்னும் விநோதம். பெரும்பாலான குடும்பங்களுக்குச் சொந்த வீடு உண்டு, ஆனால் 2011 வரை விற்க முடியாது. என் வீட்டை நீ எடுத்துக்கொள், உன் வீட்டை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று மாற்றிக்கொள்ளத்தான் அனுமதி. மறைவில் பணம் கைமாறத்தான் செய்தது.

அடுத்து எங்காவது போவதாக இருந்தால் வியன்னாவுக்குப் போங்கள். ஆஸ்திரியா என்ற முதலாளித்துவ நாட்டின் தலைநகர். 1923இல் வீட்டு வரி போட்டு, அந்தப் பணத்தில் நகராட்சியே பெரிய அளவில் குடியிருப்புகள் கட்டத் தொடங்கியது. இன்றும் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அதன் கையில் இருக்கின்றன. வாடகையும் குறைவு. ஆனால் விண்ணப்பிக்கவே 2 ஆண்டுகள் அந்த நகரில் பதிவுசெய்து வசித்திருக்க வேண்டும். எனவே அங்கே அரசு வீட்டில் இருப்பவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பாதீர்கள். போன மாதம் வேலைக்கு வந்து சேர்ந்தவர் எங்கே தங்கியிருக்கிறார், சம்பளத்தில் எவ்வளவு வாடகைக்குப் போகிறது என்றும் கேளுங்கள்.